மாறுகண் உள்ள பிள்ளை பிந்தி வளர்வதற்கு வறுமைதான் காரணமா?

இலங்கை மலையகத்தில் மஸ்கெலியாப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை மடுவத்தில், அதாவது தாய்மார் வேலைக்குப் போகும்போது பிள்ளைகளை விட்டுச்செல்லும் இடத்தில், வேலை செய்யும் சகோதரி ஒருவரின் கேள்வியை முதலில் என் சொற்களில் திருப்பிச் சொல்லிவிடுகிறேன். அவருடைய பராமரிப்பில் 22 பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களில் மூவருக்கு ஒரு கண் திரும்பியிருக்கிறது. ஒரு சிறுமி இரண்டரை வயதாகியும் இரண்டு சொல் சேர்த்துப் பேசவில்லை; இன்னொரு பிள்ளை 19 மாதமாகியும் தனியே நடக்கவில்லை; மூன்றாமவன் நாலு வயதுப் பையன், ஓடியாடித் திரிகிறான், வாயும் கெட்டிக்காரத்தனமும் குறையில்லை. மூவருமே அந்தத் தோட்டத்தில் மிகவும் கஷ்டப்பட்ட குடும்பங்கள். வறுமைதான் கண்ணைத் திருப்புகிறதா, கண் திரும்பியிருப்பதுதான் புத்தியைப் பிந்த வைக்கிறதா என்று கேட்கிறார். பாட்டிமார் அதை அதிர்ஷ்டக் கண் என்று சொல்லித் தடுக்கிறார்கள் என்றும், தான் தலையிட்டால் அது தன் வேலையை மீறியதாகிவிடுமோ என்றும் கவலைப்படுகிறார். எது எதற்குக் காரணம் என்பதைவிட, இந்த மூன்று பிள்ளைகளுக்காக எதை முதலில் செய்வது என்பதே அவர் உண்மையில் அறிய விரும்புவது என்று எனக்குப் படுகிறது. ஆனால் காரணத்தைப் பிழையாக விளங்கிக்கொண்டால் செய்வதும் பிழைத்துவிடும் என்பதால், இரண்டையும் சேர்த்தே எழுதுகிறேன்.

நான் கண் வைத்தியத் துறையில் இருப்பவன். நுவரெலியா, பதுளை மாவட்டங்களின் அரச வைத்தியசாலைகளில் சிறுவர்களின் கண்களைப் பார்ப்பதிலேயே என் தொழிற்காலத்தின் பெரும்பகுதி கழிந்திருக்கிறது. பிள்ளைகளின் மூளை வளர்ச்சி என் சிறப்புத் துறை அன்று. அதைப் பற்றி இங்கே சொல்பவை சிறுவர் நோய் நிபுணர்களோடு சேர்ந்து வேலை செய்தும் வாசித்தும் அறிந்தவை. பிள்ளையைப் பார்க்காமல் நோய் சொல்ல எவராலும் முடியாது என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆகவே இது எந்தக் கதவை எப்போது தட்ட வேண்டும் என்று காட்டும் பதில். கதவுக்கு உள்ளே நடக்க வேண்டிய பரிசோதனைக்கு இது ஈடாகாது.

மாறுகண் என்பது இரண்டு கண்களும் ஒரே பொருளை நோக்காத நிலை. தோட்டங்களில் ஒன்றரைக் கண் என்பார்கள், வடக்கில் வாக்குக்கண் என்பார்கள். ஒரு கண் நேராகப் பார்க்கும்போது மற்றது மூக்குப் பக்கமோ காதுப் பக்கமோ, சிலருக்கு மேலோ கீழோ விலகி நிற்கும். பல நாடுகளில் எடுத்த கணக்குகளின்படி நூறு பிள்ளைகளில் ஏறத்தாழ 2 முதல் 4 பேருக்கு இது இருக்கிறது. அந்தக் கணக்கில் 22 பேரில் ஒருவர் இருக்கலாம், ஒருவரும் இல்லாமலும் இருக்கலாம். மூவர் என்பது கூடுதல்தான். ஆயினும் இவ்வளவு சிறிய கூட்டத்தில் மூவர் சேர்ந்து அமைவது தற்செயலாகவும் நேரும். அவர்களில் இருவர் அண்ணன் தங்கையோ, பெரியம்மா சின்னம்மா பிள்ளைகளோ என்று விசாரித்துப் பாருங்கள். தாய் தகப்பனுக்கோ கூடப் பிறந்தவருக்கோ மாறுகண் இருந்தால் அடுத்த பிள்ளைக்கு அது வரும் வாய்ப்பு பல மடங்கு கூடுகிறது; லயம் என்னும் ஒரே தோட்டத்து வரிசை வீட்டில் நெருங்கிய உறவுகள் வாழும் இடத்தில் இதனால் மாறுகண் குவிந்தது போலத் தோன்றும். இன்னொன்றையும் விசாரிக்க வேண்டும். சிறு பிள்ளைகளுக்கு மூக்குத் தண்டு தட்டையாகவும், கண்ணின் உட்கோடியில் தோல் மடிந்தும் இருந்தால், நேராக இருக்கும் கண்ணே திரும்பியது போலத் தெரியும். அப்படிப்பட்ட பிள்ளைகளை எத்தனையோ தாய்மார் பயந்து தூக்கிக்கொண்டு வந்திருக்கிறார்கள், அவர்களை நிம்மதியோடு திருப்பி அனுப்பியிருக்கிறோம்.

இதைப் பிரித்தறிய நாங்கள் முதலில் செய்வதை நீங்களும் செய்து பார்க்கலாம். பிள்ளையை ஒருவர் மடியில் இருத்திக்கொள்ள, நீங்கள் எதிரே முக்கால் முழத் தூரத்தில் ஒரு சிறிய டோர்ச் வெளிச்சத்தைப் பிடியுங்கள். பிள்ளை வெளிச்சத்தைப் பார்க்கும் அந்த நொடியில் இரண்டு கருமணிகளிலும் ஊசி முனை போல ஒரு வெள்ளைப் பொட்டுத் தெரியும். இரண்டிலும் அது ஒரே இடத்தில் இருந்தால் கண்கள் பெரும்பாலும் நேராகவே இருக்கின்றன. ஒன்றில் நடுவிலும் மற்றதில் காதுப் பக்க ஓரத்திலும் இருந்தால் அந்தக் கண் உள்ளே திரும்பியிருக்கிறது. அடுத்ததாக, பிள்ளைக்குப் பிடித்த ஒரு பொருளைக் காட்டிக்கொண்டே உங்கள் உள்ளங்கையால் ஒரு கண்ணை மறையுங்கள், பிறகு மற்றதை மறையுங்கள். ஒரு கண்ணை மறைக்கும்போது பேசாமல் இருந்துவிட்டு, மற்றதை மறைத்தவுடன் தலையை உதறிக் கையைத் தள்ளி அழுதால், தள்ளிவிட்ட பக்கத்துக் கண்ணால்தான் அது உலகத்தைப் பார்க்கிறது. மறைத்தும் பேசாமல் விட்ட கண் பலவீனமாக இருக்கக்கூடும். சொல்லத் தெரியாத ஒரு பிள்ளை தன் பார்வையைப் பற்றித் தரும் மிகத் தெளிவான வாக்குமூலம் அந்தக் கைத் தள்ளல்தான். இந்த இரண்டும் சரியாக இருந்தாலும் சந்தேகம் தொடர்ந்தால் பிள்ளையைக் காட்டுவதே முறை. பிறந்து முதல் மூன்று நான்கு மாதங்களில் கண் இடையிடையே விலகுவது இயல்பு. அதற்குப் பிறகும் விலகினால் அதைத் தானாகச் சரியாகும் என்று விடக்கூடாது.

இனி, கண் திரும்பியிருந்தால் புத்தி பிந்துமா என்பதற்கு வருகிறேன். அறிவுத்திறனைக் குறைக்கும் வேலையை மாறுகண் செய்வதில்லை என்பதை உறுதியாகச் சொல்லலாம். உங்கள் நாலு வயதுப் பையனே அதற்குச் சாட்சி. அவனைப் போன்ற நூற்றுக்கணக்கானோரை நான் பார்த்திருக்கிறேன், அவர்களில் பல்கலைக்கழகம் போனவர்களும் உண்டு. ஆனால் மாறுகண்ணால் எதுவுமே ஆவதில்லை என்று சொல்வதும் சரியாகாது. இரண்டு கண்ணும் சேர்ந்து வேலை செய்தால்தான் பொருளின் ஆழமும் தூரமும் துல்லியமாகத் தெரியும்; அது இல்லாத பிள்ளை படி இறங்குவதிலும் பந்து பிடிப்பதிலும் மணி கோப்பதிலும் சற்றுத் தடுமாறும். பிறந்து ஆறு மாதத்துக்குள் கண் உள்ளே திரும்பிய குழந்தைகளை அமெரிக்காவில் ஆராய்ந்தவர்கள், அவர்களின் உடலசைவுத் திறன்கள் மற்றக் குழந்தைகளைவிடப் பிந்தியிருந்ததையும், கண்ணை நேராக்கும் சத்திர சிகிச்சைக்குப் பிறகு அவை விரைந்து வளர்ந்ததையும் கண்டார்கள். ஒரு கண்ணின் பார்வை குன்றிய பிள்ளைகள் வாசிப்பில் மெதுவாக இருப்பதையும் ஆய்வுகள் காட்டுகின்றன. இவை கைகால்களின் நுணுக்கத்தையும் வாசிப்பின் வேகத்தையும் சார்ந்தவை. இரண்டரை வயதில் பேச்சு வராததையோ, 19 மாதத்தில் நடக்காததையோ கண்ணின் மேல் மட்டும் போட்டுவிட முடியாது. அப்படிப் போட்டுவிட்டால் உண்மையான காரணத்தைத் தேடாமல் விட்டுவிடுவோம். அதுதான் எனக்குப் பெரிய கவலை.

இரண்டும் ஒரே பிள்ளையிடம் சேர்ந்து காணப்படுவதற்கு நாங்கள் அதிகம் பார்க்கும் காரணம், இரண்டுக்கும் பொதுவான ஒரு வேர் இருப்பது. கண்ணை அசைக்கும் தசைகள் கண்ணில் இருந்தாலும் இரண்டு கண்ணையும் சேர்த்து நடத்துவது மூளை. மாதம் நிறையாமல் பிறந்த, மிகக் குறைந்த எடையில் பிறந்த, பிறக்கும்போது மூச்சுத் திணறிய, மூளையில் நீர் கோத்த, மூளைக்காய்ச்சல் வந்த பிள்ளைகளுக்கு மாறுகண்ணும் கூடுதல், வளர்ச்சி பிந்துவதும் கூடுதல். பெருமூளை வாதம் உள்ள பிள்ளைகளிலும் டவுன் நோய்க்குறி உள்ள பிள்ளைகளிலும் மாறுகண் மற்றவர்களைவிட எத்தனையோ மடங்கு அதிகம். ஆகவே அந்த இரண்டு பிள்ளைகளுக்கும் பிறந்தபோது கொடுத்த சுகாதாரப் பதிவேட்டை, தாய்மார் கிளினிக் கார்டு என்று சொல்லும் அந்தப் புத்தகத்தை, வாங்கிப் பாருங்கள். பிறந்த எடை 2500 கிராமுக்குக் கீழா, எத்தனையாவது வாரத்தில் பிறந்தது, பிறந்தவுடன் அழுததா, குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவில் வைத்திருந்தார்களா, தலைச் சுற்றளவு ஒழுங்காக வளர்ந்திருக்கிறதா என்பவற்றை அதிலிருந்தும் தாயிடமிருந்தும் அறியலாம். ஒரு வைத்தியருக்கு அந்தப் புத்தகம், பிள்ளையின் முகத்துக்கு அடுத்தபடியாகத் தேவையானது. லயத்தில் கூரை ஒழுகி நனைந்து போகாமல் ஒரு பொலித்தீன் பையில் வைக்கச் சொல்லுங்கள்.

வறுமை நேரடியாகக் கண்ணைத் திருப்புவதாக நான் அறிந்த எந்தச் சான்றும் இல்லை. சத்துக் குறைந்தால் மாறுகண் வரும் என்று பலர் நம்புகிறார்கள்; விற்றமின் ஏ குறைந்தால் மாலைக்கண் வரும், கண்ணின் வெண்மை வறண்டு போகும், கடுமையானால் பார்வையே போகும், ஆனால் அது வேறு நோய். பெயரில் ஒலி ஒன்றுபோல இருப்பதால் இரண்டையும் குழப்பிக்கொண்டு கரட்டும் கீரையும் கொடுத்தபடி மாதக்கணக்காகக் காத்திருந்த குடும்பங்களை எனக்குத் தெரியும். கரட்டும் கீரையும் நல்லவைதான், கண்ணை அவை நேராக்காது. வறுமை கண்ணோடு தொடர்புபடுவது ஒரு சுற்றுப்பாதையில்: தாய் இரத்தச் சோகையோடும் போதிய உணவில்லாமலும் கர்ப்பகாலத்தைக் கழித்தால் குழந்தை எடை குறைந்து பிறக்கும் வாய்ப்புக் கூடும், எடை குறைந்தோ மாதம் நிறையாமலோ பிறந்த குழந்தைக்கு மாறுகண் வரும் வாய்ப்புக் கூடும்.

பிள்ளையின் வளர்ச்சியில் வறுமையின் பிடி இதைவிட நேரடியானது. 2016ஆம் ஆண்டில் நாடு முழுவதும் நடந்த குடித்தொகை மற்றும் சுகாதார ஆய்வில், ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் இலங்கை முழுவதையும் எடுத்தால் நூற்றுக்கு 17 பேராக இருக்க, தோட்டத்துறையில் அது ஏறத்தாழ 32 பேராக இருந்தது. உயரம் என்பது வெளியே தெரியும் அளவுகோல் மட்டும். அதே காலத்தில் அதே குறைகளால் மூளையும் தனக்குரியதைப் பெறாமல் போகிறது. வளர்ந்துவரும் நாடுகளில் 20 கோடிக்கும் மேற்பட்ட சிறுவர்கள் தங்கள் வளர்ச்சியின் முழு எல்லையை எட்டாமல் இருக்கிறார்கள் என்று 2007இல் லான்செற் மருத்துவ இதழில் வந்த கட்டுரைத் தொடர் கணித்தது. வளர்ச்சிக் குறைவு, இரும்புச்சத்துக் குறைவு, அயடீன் குறைவு, பேச்சும் விளையாட்டுமாகப் பிள்ளையோடு போதுமான அளவு ஒருவர் பழகாதது ஆகியவற்றை அதன் ஆசிரியர்கள் முதன்மைக் காரணங்களாக எடுத்துக் காட்டினார்கள். அயடீன் கலந்த உப்பு 1995 முதல் நம் நாட்டில் சட்டமாகிவிட்டதால் அந்தக் கவலை பெரிதும் குறைந்திருக்கிறது. இரும்புச்சத்து அப்படி இல்லை. காலையில் ரொட்டியைச் சாயத் தண்ணீரில் தோய்த்துக் கொடுக்கும் பழக்கம் நம் லயங்களில் இன்னும் இருக்கிறது. சாயத்தில் உள்ள துவர்ப்புப் பொருள் உணவிலிருக்கும் இரும்பு உடலில் சேர்வதைத் தடுக்கிறது. சாப்பாட்டோடு தேநீர் கொடுக்காமல் ஒரு மணித்தியாலமாவது தள்ளிக் கொடுப்பதற்குப் பணம் செலவாகாது. திரிபோஷ என்னும் சத்துமா பக்கெட் கிடைத்தால் அது அந்தப் பிள்ளைக்கு மட்டும் போகிறதா, வீட்டில் உள்ள ஐந்து பேருக்கும் பங்காகிறதா என்பதையும் மெதுவாகக் கேட்டறியுங்கள். பங்கிடும் தாயைக் கடிந்துகொள்ள வேண்டாம், பசித்த ஐந்து பேர் முன்னால் ஒருவருக்கு மட்டும் ஊட்டச் சொல்வது எளிதான காரியம் அன்று.

இவ்வளவு சொன்ன பிறகு சந்தேகத்துக்குரியதையும் சொல்ல வேண்டும். மாறுகண் உள்ள பிள்ளைகளில் வளர்ச்சி பிந்தியவர்கள் அதிகம் என்று சொல்லும் கணக்குகளில் பல, வைத்தியசாலைக்கு வந்த பிள்ளைகளை வைத்து எடுத்தவை. வைத்தியசாலைக்கு வருவது யார்? வேறு நோயும் சேர்ந்து இருப்பவர்கள்தான் முதலில் வருவார்கள். கண் மட்டும் திரும்பி, மற்றப்படி சுகமாக இருக்கும் ஏழைப் பிள்ளை வருவதே இல்லை. அதனால் என் கிளினிக்கில் நான் கண்டதை வைத்து மலையகம் முழுவதற்கும் ஒரு விகிதம் சொன்னால் அது பிழையாக இருக்கும். வறுமை, எடைக் குறைவு, தாயின் கல்வி, பேச்சுச் சூழல் எல்லாம் ஒரே வீட்டில் பின்னிக் கிடக்கும்போது எதன் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்வதும் மிகக் கடினம். உங்கள் மூன்று பிள்ளைகளும் கஷ்டப்பட்ட வீடுகளிலிருந்து வருகிறார்கள் என்பது காரணத்தைக் காட்டுகிறது என்று நான் எடுத்துக்கொள்ளவில்லை; பிள்ளை மடுவத்துக்கு வரும் பிள்ளைகளில் பெரும்பாலானோர் கஷ்டப்பட்ட வீட்டுப் பிள்ளைகள்தானே.

என் அனுபவத்தில் வறுமை செய்யும் மிகப் பெரிய கேடு, வைத்தியத்தைத் தள்ளிப்போட வைப்பது. இதை நான் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். இரண்டு கண்ணும் இரண்டு பக்கம் பார்க்கும்போது பொருள்கள் இரண்டாகத் தெரியும். பெரியவர்களுக்கு அப்படித்தான் தெரியும். சிறு பிள்ளையின் மூளை அந்தக் குழப்பத்தைத் தாங்காமல், திரும்பிய கண்ணிலிருந்து வருவதைக் கணக்கில் எடுக்காமல் விட்டுவிடப் பழகுகிறது. மாதங்கள் போகப் போக அந்தக் கண்ணின் பார்வை வளராமலே நின்றுவிடுகிறது. இதைத்தான் சோம்பல் கண் என்கிறோம். கண்ணில் பழுது இல்லை, பூ விழவில்லை, கட்டி இல்லை. மூளை அதைப் பயன்படுத்தப் பழகவில்லை. ஏழு வயதுக்குள் வைத்தியம் தொடங்கினால் பயன் மிகுதி, அதிலும் எவ்வளவு முந்துகிறோமோ அவ்வளவு நல்லது. அதற்குப் பிறகு கதவு மூடிவிடும் என்று நாங்கள் படித்த காலத்தில் சொல்லித் தந்தார்கள். அது முழு உண்மை அன்று. 2005இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், 7 முதல் 12 வயது வரையானவர்களில் கண்ணாடியோடு, பலவீனமான கண் வேலை செய்யட்டும் என்று நல்ல கண்ணை மறைத்தும் அதன் பார்வையை மங்க வைக்கும் மருந்திட்டும் பயிற்றப்பட்டோரில் பாதிக்குச் சற்று மேலானோர் முன்னேறினார்கள். கண்ணாடி மட்டும் அணிந்தோரில் கால்வாசிப் பேரே முன்னேறினார்கள். ஆகவே பத்து வயதுப் பிள்ளையையும் கைவிட வேண்டியதில்லை. ஆனால் நாலு வயதில் சில மாதங்களில் கிடைப்பதைப் பத்து வயதில் நீண்ட காலம் போராடித்தான் பெற வேண்டும், சிலருக்குக் கிடைக்காமலே போகும்.

இந்தக் காலக் கணக்கைத் தோட்டத்து நாட்கணக்கோடு சேர்த்துப் பாருங்கள். பாடசாலை வைத்திய பரிசோதனை 1, 4, 7, 10ஆம் தரங்களில் நடக்கிறது. 200 பிள்ளைகளுக்குக் குறைந்த பாடசாலைகளில் எல்லாத் தரங்களையும் பார்ப்பது முறை. முதலாம் தரத்தில் பிள்ளை வரவில்லையென்றால், அல்லது நல்ல கண்ணால் எட்டிப் பார்த்து எழுத்தைச் சொல்லிவிட்டால், நாலாம் தரம் வரை அது யாருக்கும் தெரியாது. தெரிந்த பிறகும் கிளினிக்குக்குப் போகும் ஒவ்வொரு நாளும் தாய்க்கு ஒரு பேர், அதாவது ஒரு நாள் சம்பளம், போகிறது. துணைக்குக் கணவரும் வந்தால் இரண்டு பேர் போகிறது. ஹட்டனிலிருந்து கண்டிக்கு அனுப்பினால் விடியுமுன் பஸ் ஏற வேண்டும், மற்றப் பிள்ளைகளை யாரிடம் விடுவது என்று பார்க்க வேண்டும். கண் வைத்தியமோ ஒரு நாளில் முடிவதில்லை: மருந்து விட்டுப் பார்க்க ஒரு நாள், கண்ணாடி வாங்க ஒரு நாள், அதைப் போட்ட பிறகு சில வாரங்களில் ஒரு நாள், பிறகு கண் மறைப்பின் பயனைப் பார்க்கப் பல நாட்கள் என்று முதல் வருடத்திலேயே ஐந்தாறு முறை வர வேண்டியிருக்கும். அரச வைத்தியசாலையில் பரிசோதனைக்கும் சத்திர சிகிச்சைக்கும் பணம் இல்லை. கண்ணாடியைப் பெரும்பாலும் வெளியில்தான் வாங்க வேண்டும். மூன்றாவது முறை வராமல் போன தாயைப் பொறுப்பில்லாதவர் என்று பதிவேட்டில் எழுதுவதை நான் பார்த்திருக்கிறேன், என் இளமையில் நானும் எழுதியிருக்கிறேன். இப்போது அப்படி எழுதமாட்டேன். அடுத்த திகதியைக் கொடுக்கும் முன் எந்தக் கிழமை வந்தால் உங்களுக்குப் பேர் போகாது என்று கேட்கிறேன்.

வறுமையும் கண்ணும் சேர்ந்து ஒரு பிள்ளையின் மேல் எப்படி ஒரு பொய்யான முத்திரையைக் குத்தும் என்பதற்கு ஒரு சம்பவத்தைச் சொல்கிறேன். ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தி, மன வளர்ச்சி குன்றியவள் என்று எழுதப்பட்ட ஒரு துண்டோடு வந்தாள். ஓர் இடத்தில் படங்களைக் காட்டிச் சிங்களத்தில் கேள்வி கேட்டிருக்கிறார்கள். வீட்டில் தமிழ் மட்டுமே பேசும் அவள் வாய் திறக்கவில்லை. இரண்டு கண்ணும் உள்ளே திரும்பி, தூரப் பார்வைக் குறைபாடு, அதாவது கிட்ட உள்ளது மங்கும் குறை, மிகக் கூடுதலாக இருந்தது. மேசையில் பாசிமணியையும் நூலையும் வைத்தபோது அவள் மணியைக் கண்ணால் தேடாமல் விரல் நுனியால் தடவித்தான் துளையைக் கண்டுபிடித்தாள். அந்தத் தடவலைப் பார்த்தபோதே எனக்கு விளங்கிவிட்டது, அவளுடைய அறிவு ஓடிக்கொண்டுதான் இருக்கிறது, கண்தான் அதற்கு வழி விடவில்லை என்று. கண்ணாடி போட்டு மூன்று மாதம் கழித்து வந்தவள், தமிழில் கேட்டபோது படத்திலிருந்த எல்லாவற்றையும் சொன்னாள், கேட்காததையும் சொன்னாள். வளர்ச்சிச் சோதனைகளில் பல பார்த்துச் செய்பவை. ஆகவே பார்வையைச் சரிசெய்யாமல், பிள்ளையின் மொழி தெரியாமல் எடுத்த மதிப்பெண்ணை நம்ப வேண்டாம். அதே வேளை, எல்லாப் பிள்ளையும் இவளைப் போல மாறிவிடும் என்று நம்பிக்கை கொடுப்பதும் தவறு. உண்மையிலேயே வளர்ச்சி பிந்திய பிள்ளைக்குக் கண்ணாடி உதவும், வளர்ச்சியை அது தனியே மீட்டுத் தராது.

அதிர்ஷ்டக் கண் என்ற நம்பிக்கையோடு நான் மோதுவதில்லை. அதில் ஒரு அன்பு இருக்கிறது. மற்றவர் பழிக்கும் குறையை வீட்டார் ஒரு வரமாக மாற்றிக்கொள்கிறார்கள். பாட்டியிடம் நான் சொல்வது இதுதான்: அதிர்ஷ்டம் அவனோடு இருக்கட்டும், பார்வையும் அவனோடு இருக்கட்டும், இரண்டு கண்ணாலும் அவன் உங்களைப் பார்க்கட்டும். வெளியுலகம் அந்தப் பாட்டியைப் போல இரக்கமாக இராது என்பதும் உண்மை. சுவிற்சர்லாந்தில் நடந்த ஓர் ஆய்வில், நேரான கண்ணும் மாறுகண்ணும் உள்ள பிள்ளைகளின் படங்களைக் காட்டி, பிறந்தநாளுக்கு யாரை அழைப்பாய் என்று கேட்டபோது, ஆறு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் மாறுகண் உள்ளவர்களைத் தவிர்க்கத் தொடங்கியிருந்தார்கள். அதற்குக் குறைந்த வயதினர் வேறுபாடு பார்க்கவில்லை. பட்டப்பெயர் விழும் முன், அதாவது பாடசாலைக்குப் போகும் முன், வைத்தியம் முடிய வேண்டும் என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

வைத்தியத்தில் தாய்மார் பயப்படும் இடங்களை மட்டும் சொல்கிறேன். கண்ணில் விடும் மருந்தால் பார்வை சில நாள் மங்கும், வெளிச்சம் கூசும், முகம் சிவந்து உடம்பு சூடாகலாம். முன்கூட்டியே சொல்லாவிட்டால் பிள்ளையின் கண்ணைக் கெடுத்துவிட்டார்கள் என்று பயந்து திரும்ப வரமாட்டார்கள். தூரப் பார்வைக் குறைபாட்டால் கண் உள்ளே திரும்பிய பிள்ளைக்குக் கண்ணாடியே கண்ணை நேராக்கும், ஏனெனில் அந்தப் பிள்ளை தெளிவாகப் பார்ப்பதற்காகக் கண்ணுக்குள் எடுக்கும் முயற்சிதான் கண்ணை உள்ளே இழுக்கிறது; கண்ணாடி அந்த முயற்சியைத் தளர்த்துகிறது. இரவில் கழற்றியவுடன் கண் மறுபடி திரும்புவதைக் கண்டு, கண்ணாடி பழக்கத்தைக் கெடுத்துவிட்டது என்று பெட்டியில் வைத்துவிடுவார்கள். அது கெடுதல் அன்று, கண்ணாடி வேலை செய்வதற்கே அடையாளம். நல்ல கண்ணை மறைப்பது, நடுத்தரக் குறைவுக்கு நாளுக்கு 2 மணித்தியாலமும் கடுமையானதற்கு 6 மணித்தியாலமும் போதும் என்று சோதித்து அறியப்பட்டிருக்கிறது. எத்தனை மணி என்பதை வைத்தியர்தான் சொல்ல வேண்டும், அளவு மீறினால் நல்ல கண்ணும் பலவீனப்படும். சத்திர சிகிச்சையில் கண்ணை வெளியே எடுப்பதாக ஒரு பேச்சு உண்டு. கண் இருந்த இடத்திலேயே இருக்கும், வெளியே ஒட்டியிருக்கும் தசையைத்தான் இடம் மாற்றித் தைக்கிறோம். கண் நேரான பிறகும் கண்ணாடியும் மறைப்பும் தேவைப்படலாம்.

உடனே கொண்டுபோக வேண்டிய அறிகுறிகளும் உண்டு. கருமணிக்குள் வெள்ளையாகத் தெரிந்தால், முக்கியமாகப் பளிச்சொளியில் எடுத்த படத்தில் ஒரு கண் மட்டும் வெள்ளையாக மின்னினால், ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது. சிறு பிள்ளைகளுக்கு வரும் விழித்திரைப் புற்றுநோய் சில வேளை மாறுகண்ணாகத்தான் முதலில் வெளிப்படும். நேற்று வரை நேராக இருந்த கண் திடீரென்று திரும்பினாலும், அதோடு தலைவலி, வாந்தி, தள்ளாட்டம், இமை தொங்குதல் இருந்தாலும், விழுந்து அடிபட்ட பிறகு திரும்பினாலும் அப்படியே.

இப்போது உங்கள் மூன்று பிள்ளைகளுக்கு வருகிறேன். நாலு வயதுப் பையனைப் பற்றித்தான் எனக்கு அதிக அவசரம். அவன் நன்றாக இருப்பதாலேயே எல்லோரும் அவனைக் கடைசியாக வைப்பார்கள், சோம்பல் கண்ணுக்கான நல்ல காலம் அவனுக்குத்தான் ஓடிக்கொண்டிருக்கிறது. சிறுமிக்குக் கண்ணோடு காதையும் பரிசோதிக்க வேண்டும். பேச்சுப் பிந்திய எந்தப் பிள்ளைக்கும் கேட்டல் பரிசோதனையைத் தவறவிடக் கூடாது. 19 மாதமாகியும் நடக்காத பிள்ளையைக் கண் கிளினிக்குக்கு மட்டும் அனுப்பினால் போதாது, 18 மாதத்தில் நடை வராவிட்டால் சிறுவர் நோய் நிபுணர் பார்க்க வேண்டும். கண் வைத்தியமும் வளர்ச்சிப் பரிசோதனையும் ஒன்றுக்காக மற்றொன்று காத்திருக்க வேண்டாம். முதலில் பேச்சு வரட்டும், பிறகு கண்ணைப் பார்ப்போம் என்று யாராவது சொன்னால் ஏற்காதீர்கள். உங்கள் பகுதிக் குடும்ப நல உத்தியோகத்தரிடம் மூவரின் பெயரையும் கொடுத்து, சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை வழியாகக் கடிதம் பெற்றுக்கொண்டால், தாய்மார் வெறுங்கையோடு வரிசையில் நிற்க வேண்டியிராது. மூவருக்கும் ஒரே கிளினிக் நாளைக் கேட்டுப் பெற்றால் ஒருவரோடு ஒருவர் துணையாகப் போகலாம்.

இது உங்கள் வேலையை மீறியதா என்று கேட்டீர்கள். காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பிரட்டுக்களத்திலிருந்து தாய் மலைக்குப் போனது முதல் மாலை வரை அந்தப் பிள்ளை உங்கள் கண் முன்னால் இருக்கிறது. நான் அதைப் பத்து நிமிடம் பார்க்கிறேன். கண் மறைப்பு லயத்தில் தோற்றுப்போவதற்குக் காரணம், மறைக்க வேண்டிய நேரத்தில் தாய் மலையில் இருப்பதுதான்; அந்த இரண்டு மணித்தியாலத்தை மடுவத்தில் காலைச் சாப்பாட்டுக்குப் பின் வைத்து, மறைப்பில் ஒரு பூவோ நட்சத்திரமோ வரைந்து, அந்த நேரத்தில் அரிசி பொறுக்கவும் மணி கோக்கவும் படம் வரையவும் விட்டால், வைத்தியசாலையால் செய்ய முடியாததை நீங்கள் செய்திருப்பீர்கள். ஜமெய்க்காவின் கிங்ஸ்டனில் 1980களின் நடுப்பகுதியில் வளர்ச்சி குன்றிய 129 சிறு குழந்தைகளை எடுத்து, ஒரு பகுதியினர் வீட்டுக்குக் கிழமைக்கொரு முறை சுகாதார உதவியாளர்கள் போய், வீட்டில் கிடைக்கும் பொருள்களால் செய்த விளையாட்டுச் சாமான்களோடு தாயையும் பிள்ளையையும் இரண்டு வருடம் விளையாட வைத்தார்கள். அந்தப் பிள்ளைகள் 22 வயதானபோது அந்த விளையாட்டுக் கிடைக்காத பிள்ளைகளைவிடக் கால்வாசி கூடுதலாக உழைத்தார்கள். பால்மா மட்டும் கிடைத்த பிள்ளைகளிடம் அந்த நீண்டகாலப் பயன் காணப்படவில்லை. அந்த உதவியாளர்கள் வைத்தியர்கள் அல்லர், உங்களைப் போன்றவர்கள். கிளினிக்குக்குப் போகும் நாளில் தாயிடம் ஒரு சிறு கடதாசி கொடுத்தனுப்புங்கள்: கண் திரும்புவதை முதலில் எந்த மாதத்தில் கண்டீர்கள், எந்தக் கண், எப்போதுமா அல்லது களைத்தபோது மட்டுமா, எந்தக் கண்ணை மறைத்தால் கையைத் தள்ளுகிறது, என்னென்ன சொற்கள் பேசுகிறது என்று தமிழிலேயே எழுதுங்கள். பிள்ளை வீட்டில் பேசுவது தமிழ் என்பதையும் முதல் வரியில் எழுதிவிடுங்கள்.